மன்னிக்க வேண்டியவன்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் தத்துவம் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கத்தோலிக்கக் குடும்பம். ஒரு வருடமாக ஃப்ராங்க்ஃபர்ட் பள்ளிக்காரர்களை, அதாவது ஹோர்க்ஹைமர், அடோர்னோ, பெஞ்சமின் போன்ற ஜெர்மன் மார்க்சியச் சிந்தனையாளர்களை, வாசித்துவருகிறேன். அவர்களுடைய விமர்சனக் கோட்பாடு என்பது கடவுளைக் கழித்துவிட்ட கிறிஸ்தவம்தான் என்று தோன்றுகிறது. பாவத்துக்குப் பதில் முதலாளித்துவம், விண்ணரசுக்குப் பதில் விடுதலை. அப்படியென்றால், ஏழைகளுக்கு ஆறுதல் சொல்வதைத் தாண்டி இறையியல் அதற்கு எதைக் கொடுத்தது? அந்தப் பள்ளியின் அடுத்த தலைமுறைக்காரரான ஹாபர்மாஸும், பின்னாளில் போப்பாண்டவரான ராட்சிங்கரும் நடத்திய உரையாடலை இந்த உறவின் உச்சம் எனலாமா? எங்கள் பங்கில் ஒருவர், இந்தக் கோட்பாடே திருச்சபையை அழிக்க வந்த விஷம் என்று காணொளிகள் அனுப்புகிறார். எதை முதலில் வாசிப்பது என்றும் சொல்லுங்கள். இன்னொன்று: போன நவம்பரில், இறந்தவர்களை நினைவுகூரும் கல்லறைத் திருநாளுக்கு, அம்மாவோடு கல்லறைக்குப் போகவில்லை. நம்பாத ஒன்றைச் செய்வது நேர்மையில்லை என்று பட்டது.

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஹோர்க்ஹைமரின் ஒரு பழைய கடிதத்தை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தேன். இல்லையென்றால் இவ்வளவு சீக்கிரம் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

காணொளிகளை விட்டுவிடுங்கள். அதில் பேசுகிறவர்கள் அடோர்னோவை ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை. ஹாபர்மாஸும் ராட்சிங்கரும் 2004 ஜனவரியில் ம்யூனிக்கில் பேசியது அரசைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும். மரியாதையான உரையாடல், அவ்வளவுதான். அது உச்சம் இல்லை. எதை முதலில் வாசிப்பது? பெஞ்சமினின் வரலாறு பற்றிய குறிப்புகள். பத்துப் பதினைந்து பக்கம்தான், ஆனால் மாதக்கணக்காகும்.

இப்போது உங்கள் சமன்பாட்டுக்கு வருகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாவத்துக்குப் பதில் இது, விண்ணரசுக்குப் பதில் அது என்று இரண்டு பக்கம் பிரித்து எழுதினால் எதையும் எதோடும் பொருத்திவிடலாம். அதைச் செய்ய ஒருவரையும் வாசிக்க வேண்டாம். மேலும், யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று யோசித்தீர்களா? ஹோர்க்ஹைமர் யூதர். பெஞ்சமின் யூதர். அதே பள்ளியின் லோவென்தாலும் ஃப்ரோமும் இளமையில் ஃப்ராங்க்ஃபர்ட்டில் யூத மதகுரு ரபி நோபெலைச் சுற்றி உட்கார்ந்து பாடம் கேட்டவர்கள். கடவுளுக்கு உருவம் செய்யாதே என்ற கட்டளையும், இன்னும் வராத மெசியாவுக்கான காத்திருப்பும் அவர்கள் வீட்டுச் சொத்து. அதை எடுத்து ‘கிறிஸ்தவம்’ என்று பெயர் மாற்றி எழுதுகிறீர்கள். ஐரோப்பா அந்த வேலையை ஏற்கெனவே நிறையச் செய்திருக்கிறது. நீங்கள் வேறு செய்யாதீர்கள்.

கிறிஸ்தவம் அங்கே இல்லை என்று சொல்லவில்லை. ஆள் வடிவிலேயே இருந்தது. பால் டில்லிஹ், லுத்தரன் போதகர், முதல் உலகப் போரில் படைப்பிரிவுக் குருவாக இருந்து பிணங்களைப் புதைத்தவர். 1929-ல் ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குப் பேராசிரியராக வந்தார். ஹோர்க்ஹைமருக்குப் பேராசிரியர் பதவி கிடைக்கத் துணை நின்றார். டென்மார்க் தத்துவவாதி கீர்க்கெகார்ட் பற்றிய அடோர்னோவின் ஆய்வுக்கு அவர்தான் வழிகாட்டி. 1933-ல் அவரையும் பதவியிலிருந்து நீக்கினார்கள். அவர் நியூயார்க்கில் யூனியன் இறையியல் கல்லூரிக்குப் போனார். அடுத்த வருடம் ஹோர்க்ஹைமர் தலைமையிலான சமூக ஆய்வு நிறுவனம் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தெருதான். இந்தச் செய்தி எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். நான் சொல்ல வந்தது இது இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ஒரே ஒரு சொல். ‘ஆறுதல்.’

1937-ல் பெஞ்சமின் பாரிஸில் இருக்கிறார், ஹோர்க்ஹைமர் நியூயார்க்கில். கடந்த காலம் முடிந்துபோன ஒன்றல்ல, திறந்தே கிடக்கிறது என்பது பெஞ்சமின் பிடித்துக்கொண்டிருந்த எண்ணம். மார்ச் 16 தேதியிட்ட கடிதத்தில் ஹோர்க்ஹைமர் அதை மறுக்கிறார். நடந்த அநீதி நடந்ததுதான், முடிந்ததுதான். கொல்லப்பட்டவர்கள் உண்மையாகவே கொல்லப்பட்டுவிட்டார்கள் என்கிறார். அது முடியவில்லை என்று நிஜமாகவே சொல்வதானால் இறுதித் தீர்ப்பை நம்பியாக வேண்டும் என்றும் எழுதுகிறார். அது கேலியில்லை. அவருக்கும் அது வலித்த வரி என்றுதான் படிக்கும்போதெல்லாம் நினைக்கிறேன். நாளைக்கே புரட்சி வந்து பூமி முழுக்க நீதி நிறைந்தாலும், நேற்று செத்தவனுக்கு அதில் என்ன பங்கு?

பெஞ்சமின் அந்தக் கடிதத்தைத் தன் குறிப்பேட்டில் எடுத்தெழுதிக்கொண்டு, கீழே பதிலும் எழுதிவைத்தார். வரலாறு ஆய்வு மட்டுமில்லை, அது ஒரு நினைவுகூரலும்கூட. ஆய்வு முடித்துவைத்ததை நினைவுகூரல் திறந்துவிட முடியும். முடிந்துபோன துயரத்தை அது முடியாததாக ஆக்கும். இது இறையியல்தான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் நேரடியான இறையியல் சொற்களைக் கொண்டு வரலாற்றை எழுத நமக்கு அனுமதியில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். தன் சிந்தனைக்கும் இறையியலுக்கும் உள்ள உறவு, மை ஒற்றும் தாளுக்கும் மைக்கும் உள்ளது போல என்று அதே குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். தாள் முழுக்க மை ஊறியிருக்கிறது. ஆனால் தாளின் விருப்பத்துக்கு விட்டால் எழுதியதில் ஒன்றும் மிஞ்சாது.

நான் இதை முதலில் படித்தபோது என் அம்மாச்சி ஞாபகம்தான் வந்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, 1974-ல் ஒரு கல்குவாரியில் வெடி வைத்தபோது செத்தார். வயது 19. எனக்கு ஆறு. குவாரிக்காரர் வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். 2,000 ரூபாய் கொடுத்து ஒரு முத்திரைத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அம்மாச்சிக்குப் படிக்கத் தெரியாது. படித்துச் சொன்ன பிறகு அந்த விரலைக் கிணற்றடியில் வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மை போய்விட்டது, அவள் நிறுத்தவில்லை. அந்தக் கல்லும் அந்த விரலும் இப்போதும் எனக்குத் தெரிகின்றன.

இரண்டு மூன்று வருடம் கழித்து, தவக்காலத்தில் பங்குச்சாமி அவளிடம் பேசினார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். குவாரிக்காரரை மன்னித்துவிடும்மா, மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்றார். அம்மாச்சி சொன்னாள்: “நான் யாரு சாமி மன்னிக்க? மன்னிக்க வேண்டியவன் மண்ணுக்குள்ள கெடக்கான். அவன் எந்திரிச்சு வரட்டும். வந்து அவனே சொல்லட்டும்.”

அந்தப் பதிலை நான் நாற்பது வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உயிர்ப்பை அவள் நம்பியது, மகனை மறுபடி பார்க்கலாம் என்பதற்காக மட்டும் இல்லை. அவன் வாயிலிருந்து வர வேண்டிய ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது. அதை வேறு யாரும் சொல்ல முடியாது. தாய்கூட முடியாது. கடவுளே அவனைக் கேட்காமல் மன்னித்தால் அதையும் அவள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். இறுதித் தீர்ப்பை அவள் ‘பொதுத் தீர்வை’ என்பாள். அவள் அதில் சொன்னது அந்தக் கணக்கைத்தான். தம்பி, அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது என்றா நினைக்கிறீர்கள்? அது அவளைத் தூங்க விடவில்லை. நம்பிக்கை இல்லாத என் பெரியப்பாதான் சீக்கிரம் ஆறினார். போனவன் போய்ச் சேர்ந்தான், இருக்கிறவர்களைப் பார்க்க வேண்டாமா என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் ஆறுதல் அவர் பக்கம் இருந்தது, அவள் பக்கம் இல்லை. ஏழைகளின் நம்பிக்கையைப் பற்றி எழுதும் முன் ஓர் ஏழையின் நம்பிக்கையையாவது பக்கத்திலிருந்து பாருங்கள்.

செத்தவனுக்கு என்ன நீதி என்ற இந்தக் கேள்வியை ஜெர்மனியில் இறையியலுக்குள் கொண்டுவந்தவர் யோஹான் பாப்டிஸ்ட் மெட்ஸ். கத்தோலிக்கக் குரு, இறையியலாளர் கார்ல் ரானரின் மாணவர். 16 வயதில் பள்ளியிலிருந்து பிடித்து ராணுவத்தில் சேர்த்தார்கள். போரின் கடைசிக் கட்டம். ஒரு சாயங்காலம் ஒரு செய்தியைக் கொடுத்து அவரைத் தலைமையிடத்துக்கு அனுப்பினார்கள். இரவெல்லாம் எரிகிற கிராமங்கள் வழியே நடந்து, காலையில் திரும்பினால், அவருடைய படைப்பிரிவில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பையன்கள். முந்தின நாள் அவரோடு சிரித்த முகங்கள். வார்த்தையில்லாத ஒரு கூக்குரல் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது என்று பிற்பாடு சொன்னார்.

பெஞ்சமினையும் அடோர்னோவையும் வாசித்துத்தான் மெட்ஸ் ‘ஆபத்தான நினைவு’ என்ற தன் கருத்துக்கு வந்து சேர்ந்தார். சிலுவையில் செத்தவனை நினைவுகூர்வது நம்மைத் தூங்கவைக்கும் நினைவாக இருக்கக் கூடாது என்றார். திருச்சபையையும் அவர் விடவில்லை. இயேசுவின் பார்வை முதலில் போனது மற்றவர்களின் பாவத்தின் மேல் இல்லை, அவர்களின் துன்பத்தின் மேல். கிறிஸ்தவம் அதைச் சீக்கிரமே மாற்றிக்கொண்டது. பலியானவனுக்கு என்ன நீதி என்ற கேள்வி போய், பாவிக்கு எப்படி மன்னிப்பு என்ற கேள்வி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. எங்கள் சாமி அம்மாச்சியிடம் பேசியது அந்த இரண்டாவது கேள்வியை. அவள் பதில் சொன்னது முதல் கேள்விக்கு.

இந்த இரண்டு துறைகளுக்கும் உள்ள உண்மையான உறவு எனக்கு இங்கேதான் தெரிகிறது. செத்தவனுக்கு நீதி உண்டா என்று விமர்சனக் கோட்பாட்டால் பதில் சொல்ல முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. இறையியல் அவசரமாகப் பதில் சொல்லிவிட்டுக் கேள்வியை மறந்துவிடும். ஒன்று மற்றொன்றை விடாமல் தொந்தரவு செய்ய வேண்டியிருக்கிறது. அதே ஹோர்க்ஹைமர் 1970-ல், வயதான காலத்தில், இறையியல் என்றால் தனக்கு என்ன என்று ஒரு நேர்காணலில் சொன்னார்: கொலைகாரன் குற்றமற்ற பலியாளின் மேல் வெற்றிபெற்றதாகவே இருந்துவிடக் கூடாது என்ற ஏக்கம். கடவுள் இருக்கிறார் என்று அவர் சொல்லவில்லை. 1937-ல் எழுதியதை வாபஸ் வாங்கவும் இல்லை. ஏக்கம் என்று மட்டும் சொன்னார்.

ஹாபர்மாஸை வாசித்தே ஆக வேண்டும் என்றால், சுவிஸ் எழுத்தாளர் மாக்ஸ் ஃப்ரிஷின் இறுதி நிகழ்ச்சியைப் பற்றி அவர் எழுதியதை வாசியுங்கள். 1991 ஏப்ரல் 9, சூரிச், புனித பேதுரு ஆலயம். குரு இல்லை, ஆசீர்வாதம் இல்லை. ‘ஆமென்’ வேண்டாம் என்று ஃப்ரிஷே எழுதிவைத்திருந்தார். ஆனால் சவப்பெட்டி ஆலயத்துக்குள் இருந்தது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் மதத்தோடு ஒட்டாதவர்கள். அப்போது சாதாரணமாகப் பட்டது, பிறகுதான் விசித்திரமாகத் தோன்றியது என்று ஹாபர்மாஸ் எழுதுகிறார். நம்பாதவர் ஏன் ஆலயத்தைக் கேட்டார்? இதை வாசித்துவிட்டு, கல்லறைக்குப் போவது நேர்மையா என்று மறுபடி யோசித்துப் பாருங்கள்.

பெஞ்சமினுக்கு அதுவும் வாய்க்கவில்லை. 1940 செப்டம்பரில் ஸ்பெயின் எல்லையில் போர்ட்போவில், பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்படுவோம் என்ற நிலையில், உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 48. பெயரைத் தலைகீழாக ‘பெஞ்சமின் வால்ட்டர்’ என்று பதிந்ததில் அவரைக் கத்தோலிக்கர் பகுதியிலேயே அடக்கம் செய்தார்கள். கல்லறை மாடத்துக்கு ஐந்து வருட வாடகை கட்டியிருந்தது. அது தீர்ந்ததும் எலும்புகள் பொதுக்குழிக்குப் போயின. அவர் இறந்த சில மாதத்திலேயே அவருடைய தோழி, சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் அங்கே போய்த் தேடினார். பெஞ்சமினின் பெயர் எங்கேயும் இல்லை. இறந்தவர்களுக்காக அவ்வளவு எழுதிய மனிதர்.

அம்மாச்சி ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் முதல் நாளே போய்விடுவாள். ஒரு வாளி சுண்ணாம்பு, தென்னைமட்டை பிரஷ், ஒரு கட்டு மெழுகுவர்த்தி. புல்லைக் கையால் பிடுங்கி, இரண்டு கோட் அடித்து, காய்ந்த பிறகு பெயருக்குக் கறுப்புப் பெயிண்ட் வைக்கச் சொல்லி என்னைக் கூப்பிடுவாள். எழுத்தைக் கோடு தாண்டாமல் நிரப்ப வேண்டும். தாண்டினால் திட்டு விழும்.

அவள் போய் 21 வருடம் ஆகிறது. நான் பூசைக்குப் போகிற ஆள் இல்லை. நவம்பர் 1-ம் தேதி ஊருக்குப் போகிறேன். போன தடவை மழையில் மாமா பெயரின் கடைசி எழுத்து பாதி உதிர்ந்திருந்தது, பெயிண்ட் நிற்கவில்லை. இந்தத் தடவை கொத்தனாரைக் கூட்டிப்போய் அதை மறுபடி வெட்டச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். வாளியை நீங்கள் தூக்குங்கள், அவர் தூக்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா