கணினி கேள்வி-பதில்: பூட்டிக் கிடக்கும் டேலி, இடிக்குப் போகும் ஸ்விட்ச்

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடை சர்வரில் டேலி கணக்கு மென்பொருள் ஓடுகிறது. கணக்கர் வீட்டிலிருந்து வேலை பார்க்க ரிமோட் டெஸ்க்டாப் வைத்திருந்தோம். காலையில் வந்து பார்த்தால் கோப்புகளெல்லாம் புரியாத பெயரில் பூட்டிக் கிடக்கின்றன. பணம் கேட்டு ஒரு குறிப்பும் இருக்கிறது. பேக்கப் எடுத்த யுஎஸ்பி டிஸ்க்கும் போயிற்று. ஆன்டிவைரஸ் இருந்தும் எப்படி?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: முதலில் சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். ஃபார்மட் செய்யாதீர்கள். மிரட்டல் குறிப்பையும் பூட்டிய கோப்புகளில் இரண்டையும் பிரதி எடுத்து, 'நோ மோர் ரான்சம்' தளத்தில் ஏற்றிப் பாருங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரில் எந்த வகை என்று தெரியும். சில வகைகளுக்குப் பூட்டைத் திறக்கும் இலவசச் சாவியும் உண்டு. இப்போது கிடைக்காவிட்டாலும் டிஸ்க்கை எடுத்து வையுங்கள், பின்னாளில் சாவி வெளியாவதுண்டு. சைபர் குற்ற உதவி எண் 1930-இல் புகார் செய்யுங்கள். இத்தகைய சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு.

உள்ளே வந்த வழி பெரும்பாலும் ரவுட்டரில் இணையத்துக்குத் திறந்துவிட்ட 3389 போர்ட்டாக, அதாவது ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசலாக இருக்கும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் 4625 என்ற எண்ணை மட்டும் வடிகட்டுங்கள். தோற்றுப்போன லாகின்கள் ராத்திரி முழுக்க வரிசையாக நிற்கும். அவற்றை ஒட்டி, உங்கள் ஆட்கள் யாரும் வேலை செய்யாத நேரத்தில் ஒரு 4624 (வெற்றிபெற்ற லாகின்) இருந்தால் அதுதான் திருடன் நுழைந்த நேரம். எல்லாம் துடைக்கப்பட்டு 1102 மட்டும் மிஞ்சியிருந்தால் லாக்கை அழித்திருக்கிறான். அட்மினிஸ்ட்ரேட்டராக வந்தவனுக்கு ஆன்டிவைரஸை அணைப்பது ஒரு வேலையே அல்ல.

போர்ட் எண்ணை 3390 ஆக மாற்றுங்கள் என்று யாராவது சொல்வார்கள். வீண். தேடும் நிரல்கள் எல்லா எண்களையும் தட்டிப் பார்க்கும். போர்ட் ஃபார்வர்டிங்கை நீக்குங்கள், ரவுட்டர் தானாகவே போர்ட்டைத் திறந்துவிடும் யுபிஎன்பி வசதியை அணையுங்கள். கணக்கர் வயர்கார்டு போன்ற விபிஎன் (பூட்டிய தனிப்பாதை) வழியாக மட்டும் வரட்டும். ஐந்து தவறான பாஸ்வேர்டுக்கு அக்கவுண்ட் பூட்டிக்கொள்ளட்டும். டேலி ஃபோல்டரை 'எவ்ரிஒன் – ஃபுல் கன்ட்ரோல்' என்று ஷேர் செய்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பில்லிங் கணினி ஒன்றில் தொற்று வந்தாலே மொத்தக் கணக்கும் போகும்.

பேக்கப்புக்கு இரண்டு டிஸ்க்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். பிரதி எடுக்கும்போது எல்லோரும் டேலியை மூடியிருக்க வேண்டும். எடுத்து முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். செருகியே கிடக்கும் டிஸ்க் சர்வரின் இன்னொரு டிரைவ்தான், சேர்ந்தே பூட்டப்படும். மாதம் ஒருமுறை வேறு கணினியில் ரீஸ்டோர் செய்து, கடைசி வவுச்சர் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ரப்பர் ஷீட் கிடங்குக்கும் அலுவலகத்துக்கும் இடையே 60 மீட்டர் கேட்-6 கேபிள் வெளியே தொங்குகிறது. ஐப்பசி இடிக்கு நெட்வொர்க் ஸ்விட்ச் போகிறது. யுபிஎஸ், ஸ்டெபிலைசர் எல்லாம் உண்டு.
– வாசகர், குலசேகரம்

பதில்: கரண்ட் வழியாக வந்தால்தானே யுபிஎஸ் தடுக்கும்? இடி அந்த செம்புக் கம்பி வழியாக வருகிறது. கேபிளில் நேரே விழ வேண்டுமென்பதில்லை, பக்கத்துத் தென்னையில் விழுந்தாலே போதும். இரண்டு கட்டிடத்துக்கும் தனித்தனி எர்த் என்றால் அவற்றுக்கிடையிலான மின்னழுத்த வேறுபாடும் அந்தக் கம்பியில்தான் பாயும். செம்பை எடுத்துவிட்டு, ஒளியால் தகவலைக் கடத்தும் ஃபைபர் கேபிள் போடுங்கள். இரு முனையிலும் ஃபைபரைச் சாதாரண நெட்வொர்க் கேபிளோடு இணைக்கும் ஒரு மீடியா கன்வெர்ட்டர். எலி கடிக்காது என்று இரும்புக் கவசம் போட்ட ஃபைபரைக் கடையில் நீட்டுவார்கள். அந்த இரும்பும் மின்சாரத்தைக் கடத்தும். உள்ளே இரும்புக்குப் பதில் எஃப்ஆர்பி (இழை வலுவூட்டிய பிளாஸ்டிக்) கம்பி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். தாங்குகம்பியும் இரும்பாக இருக்கக் கூடாது.

கேள்வி: ஒரு கணினியில் மட்டும் நெட்வொர்க் வேகம் 1 ஜிபிபிஎஸ்ஸிலிருந்து 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டது. ஏன்?
– வாசகர், குளச்சல்

பதில்: 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். எங்கோ ஒரு ஜோடி விட்டிருக்கிறது. உப்புக்காற்று வீசும் கடற்கரை ஊரில் முதலில் பார்க்க வேண்டியது கேபிள் நுனியில் உள்ள ஆர்ஜே-45 முனை. ஊசியில் பச்சையாகப் பூத்திருந்தால் வெட்டி எறிந்து, தங்க முலாம் பூசிய புதிய முனையைக் கிரிம்ப் செய்யுங்கள். சுவரில் உள்ள சாக்கெட்டையும் பாருங்கள். சர்வர் ரேக் பக்கம் ஜன்னல் இருந்தால் மூடியே இருக்கட்டும்.