வாசகர் கேள்வி – பதில்: தஸ்தயேவ்ஸ்கியின் அன்னா

கேள்வி: வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்தவள் நான். பெரும்படவம் ஸ்ரீதரன் ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியைப் பற்றி மலையாளத்தில் எழுதிய ‘ஒரு சங்கீர்த்தனம் போலெ’ நாவலை அண்மையில் மறுபடியும் படித்தேன். அதில் வரும் அன்னாவில் உண்மை எவ்வளவு, கற்பனை எவ்வளவு?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: நாவலின் அடிப்படை நிகழ்ச்சிகள் யாவும் நடந்தவையே. கடன் நெருக்கடியில் இருந்த தஸ்தயேவ்ஸ்கி, 1866 நவம்பர் 1-க்குள் ஒரு புதிய நாவலைக் கொடுக்காவிட்டால் அடுத்த ஒன்பது ஆண்டுகளுக்குத் தம் எழுத்துகளைப் பணம் எதுவும் பெறாமல் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் கையெழுத்திட்டிருந்தார். அக்டோபர் 4 அன்று, சுருக்கெழுத்து மாணவியான இருபது வயது அன்னா அவர் வீட்டுக்கு வேலைக்கு வந்தார். அவர் சொல்லச் சொல்ல அன்னா குறிப்பெடுத்ததில் 26 நாட்களில் ‘சூதாடி’ முடிந்தது. 1867 பிப்ரவரியில் இருவருக்கும் திருமணம். மாப்பிள்ளைக்கு அப்போது 45 வயது.

பீட்டர்ஸ்பர்க் நகரத்தைக் கண்ணால் பார்க்காமலேயே ஸ்ரீதரன் அதன் தெருக்களையும் குளிரையும் எழுதினார். 1993-இல் வெளிவந்து, 1996-இல் கேரளத்தின் வயலார் விருது பெற்ற அந்த நாவலில் மனத்துக்குள் நடக்கும் உரையாடல்கள் பெரும்பாலும் அவருடைய படைப்பே. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய அன்னா, பெரும்பாலும் தஸ்தயேவ்ஸ்கியின் தனிமைக்கு ஆறுதலாக வந்தவராகவே நிற்கிறார் என்பதுதான் என் மனக்குறை. உண்மையான அன்னா விவரம் தெரிந்தவர். கெடு நாளன்று பதிப்பாளர் கையெழுத்துப் படியை வாங்காமல் ஏமாற்றலாம் என்று தஸ்தயேவ்ஸ்கி கவலைப்பட்டபோது, தாயார் மூலம் வழக்கறிஞரிடம் யோசனை கேட்டு வைத்திருந்தார். அப்படியே நடந்தது, பதிப்பாளர் ஊரில் இல்லை; கையெழுத்துப் படியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கியதால்தான் தஸ்தயேவ்ஸ்கி தப்பினார்.

நாவல் அந்தக் காலத்தோடு நின்றுவிடுகிறது. அன்னாவின் பெரிய காரியங்கள் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. 1873-இல் ‘பேய்கள்’ நாவலைப் பதிப்பாளர் எவரையும் நம்பாமல் கணவனும் மனைவியும் தாங்களே அச்சிட்டார்கள். தாள், அச்சு, கணக்கு எல்லாம் அன்னாவின் பொறுப்பு. விளம்பரம் வெளிவந்த அன்று காலை, புத்தகக் கடையிலிருந்து ஆள் வந்து பத்துப் பிரதிகள் கேட்க, கழிவு எவ்வளவு என்று அவரே பேரம் பேசி விற்றார். இரவெல்லாம் எழுதிய கணவர் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து வியாபாரம் எப்படி என்று கேட்டபோது 115 பிரதிகள் போய்விட்டிருந்தன. நம் நாவலாசிரியர்களில் எவராவது இந்தக் காலைப்பொழுதை எழுதினால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

கேள்வி: அன்னாவே எழுதியது ஏதும் உண்டா?
– அதே வாசகி

பதில்: உண்டு. 1918-இல் யால்டாவில் இறந்த அவருடைய நினைவுக் குறிப்புகள் 1925-இல் வெளிவந்தன. கணவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் பெயரைக் காக்கும் கவனத்தோடு எழுதியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். திருமணமான ஆண்டே வெளிநாட்டில் அவர் சுருக்கெழுத்தில் எழுதிய நாட்குறிப்பு இன்னும் வெளிப்படையானது. வாடகைக்கு இல்லாத தவிப்பும், சூதாட்டத் தோல்விகளும், கணவர் திருமணப் பரிசாகக் கொடுத்த தோடும் பதக்கமும் அடகுக்குப் போனதும் அதில் இருக்கின்றன.