கருமுட்டை வெளியேறும் நாள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஹார்மோன்கள் இரண்டில் கருமுட்டையை வெளியேறச் செய்வது எது?

பதில்: எல்.எச். தான். எஃப்.எஸ்.எச். ஃபாலிக்கிள்களை (சினைப்பையில் முட்டையைச் சுமக்கும் சிறு பைகளை) வளர்ப்பதோடு சரி.

கேள்வி: ஈஸ்ட்ரோஜன் பிட்யூட்டரியை அடக்கி வைக்கும் என்று படித்தேன். பிறகு எல்.எச். எப்படித் திடீரென ஏறுகிறது?

பதில்: யோசித்துக் கேட்டிருக்கிறீர்கள். ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருக்கும்வரை அடக்கத்தான் செய்கிறது. முன்னணி ஃபாலிக்கிள் 20 மில்லிமீட்டரை நெருங்கும் வேளையில், ரத்தத்தில் எஸ்ட்ராடையால் (ஃபாலிக்கிள் சுரக்கும் முக்கிய ஈஸ்ட்ரோஜன்) மில்லிலிட்டருக்குச் சுமார் 200 பிகோகிராமைத் தாண்டி, ஏறத்தாழ இரண்டு நாட்கள் அந்த உயரத்திலேயே நிலைத்திருந்தால், அதே ஹார்மோன் பிட்யூட்டரியைத் தூண்டத் தொடங்கிவிடுகிறது. ஒரு வேளை மட்டும் உயர்ந்து இறங்கினால் பயனில்லை. எல்.எச். ஏற்றம் தொடங்கிச் சுமார் 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளியேறும்.

கேள்வி: எனக்கு 35 நாட்களுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருகிறது. 21ஆம் நாள் பரிசோதனையில் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் மிகக் குறைவு. முட்டையே வெளியேறவில்லை என்கிறார்கள். உண்மையா?

பதில்: அந்த ஒரு பரிசோதனையை வைத்து அப்படிச் சொல்ல இயலாது. 21ஆம் நாள் என்பது 28 நாள் சுழற்சிக்காக வகுத்த கணக்கு. எல்லோருக்கும் அதே நாளில் ரத்தம் எடுக்கும் வழக்கத்தை எத்தனை முறை கண்டித்தாலும் அது ஓய்வதாக இல்லை. சுழற்சியின் முற்பகுதிதான் பெண்ணுக்குப் பெண், மாதத்துக்கு மாதம் பெரிதும் நீளும், குறுகும். முட்டை வெளியேறியபின் அடுத்த மாதவிலக்கு வரையிலான பிற்பகுதி பெரும்பாலும் இரண்டு வாரத்தை ஒட்டியே நிற்கும். ஆகவே உங்களுக்கு முட்டை வெளியேறுவதே 21ஆம் நாளை ஒட்டித்தான் இருக்கும். புரொஜெஸ்டிரோனைச் சுரப்பது முட்டை வெளியேறிய பிறகு, வெறுமையான ஃபாலிக்கிளிலிருந்து உருவாகும் கார்பஸ் லூட்டியம் என்ற திசு. அது உருவாகும் முன்பே ரத்தத்தை எடுத்துவிட்டு, அளவு குறைவு என்று கவலைப்படுவதில் என்ன பொருள்? எதிர்பார்க்கும் மாதவிலக்குக்கு ஏழு நாட்கள் முன்பு, அதாவது 28ஆம் நாள் வாக்கில், மீண்டும் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளியேறியிருக்கிறது என்று கொள்ளலாம். சுழற்சியின் முதல் நாள் என்பது ரத்தப்போக்கு முழுமையாகத் தொடங்கிய நாள். அதற்கு முந்தைய பொட்டுக் கறையைச் சேர்க்காதீர்கள். இதற்காக ஏற்கெனவே மாத்திரை தொடங்கியிருந்தால் நீங்களாக நிறுத்தாமல், தேதிகளை மருத்துவரிடம் காட்டிப் பேசுங்கள்.

கேள்வி: முட்டை வெளியேறும் நாளைக் கணிக்கும் சிறுநீர்க் கிட்டில் பத்து நாட்களாக பாசிட்டிவ். எந்த நாள் சரி?

பதில்: வயது, சுழற்சியின் நீளம், எந்த நாளில் தொடங்கிப் பார்த்தீர்கள் என்று எதையும் எழுதாமல் நாளை மட்டும் கேட்டால் நான் ஜோதிடம்தான் பார்க்க வேண்டும். பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ள பலருக்கு எல்.எச். எப்போதுமே சற்று உயர்ந்திருப்பதால் கிட் இப்படி ஏமாற்றுவதுண்டு. மேலும், கிட் காட்டுவது எல்.எச். ஏற்றத்தைத்தான், முட்டை வெளியேறியது என்பதற்கு அது சாட்சியன்று. ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். முதல் நாள் பற்றி மேலே சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: மாதவிலக்கு வந்துவிட்டால் முட்டை வெளியேறியது என்று பொருளா?

பதில்: இல்லை. முட்டை வெளியேறாத மாதத்திலும், ஈஸ்ட்ரோஜனால் தடித்த கருப்பை உட்சுவர் உதிர்ந்து ரத்தம் வரலாம்.

கேள்வி: குழந்தைக்கு எட்டு மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன், மாதவிலக்கு இன்னும் வரவில்லை. கருத்தரிக்காது அல்லவா?

பதில்: தரிக்கலாம். தாய்ப்பால் மட்டுமே கொடுப்பது கருத்தரிப்பைப் பெரும்பாலும் தடுக்கும் முதல் ஆறு மாதங்களைத் தாண்டிவிட்டீர்கள். முதல் மாதவிலக்குக்கு முன்பே முதல் முட்டை வெளியேறக்கூடும். கருத்தடை பற்றி இந்த வாரமே மருத்துவரைக் கேளுங்கள்.