மூடிக்கெடக்குற சாயப்பட்டறை எடத்தை வாங்கலாமுங்களா?

கேள்வி: திருப்பூர் பக்கம் ரொம்ப வருசமா மூடிக்கெடக்குற சாயப்பட்டறை ஒண்ணு வெலைக்கு வருதுங்க, 60 சென்ட். பனியன் குடோன் கட்டலாம்னு இருக்கேன். வில்லங்கம் சுத்தம்னு வக்கீல் சொல்லிட்டாரு. அட்வான்ஸ் குடுத்துரலாமுங்களா?

பதில்: இப்போ குடுக்காதீங்க. வில்லங்கத்துல கிரயம், அடமானம் தெரியும், மண்ணுக்குள்ள என்ன கெடக்குதுன்னு தெரியாதுங்க. 2011 ஜனவரியில ஹைகோர்ட் உத்தரவால திருப்பூர் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடினாங்கல்ல, அப்ப மூடுனதா இருந்தா தொட்டியில கெடந்த ஸ்லட்ஜ், அதாவது சாயக் கழிவுச் சேறு, எங்க போச்சுங்கறதுதான் மொதல் கேள்வி. அது அபாயகரமான கழிவு, அனுமதி இருக்குற எடத்துக்குத்தான் போகணும், போனதுக்கு சீட்டு இருக்கும். விக்கிறவர்கிட்ட அந்தச் சீட்டையும், பட்டறை நடத்த மாசு கட்டுப்பாட்டு வாரியம் குடுத்த கன்சென்ட் (அனுமதி) காப்பியையும் கேளுங்க. சீட்டு இல்லைன்னா அங்கயே குழி தோண்டி மூடியிருப்பாங்களோன்னு சந்தேகப்பட்டே ஆகணும். கூகுள் எர்த்துல பழைய வருச படங்களை வெச்சு தொட்டி எங்க இருந்துச்சுன்னு பாருங்க, அங்க வேலை செஞ்சவங்க, பக்கத்துத் தோட்டத்துக்காரங்க யாராச்சும் இருந்தா பேசுங்க, காயிதத்துல இல்லாதது அவங்க வாயில வரும். இதுவரைக்கும் பேஸ் ஒன், அதாவது மண்ணைத் தொடாம காயிதத்துலயும் விசாரிச்சும் பார்க்குற மொதல் கட்டம்.

சந்தேகம் வந்தா பேஸ் டூ, அதாவது மண்ணையும் தண்ணியையும் எடுத்து டெஸ்ட் பண்றது. நெறைய பேரு போர் தண்ணியில டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்குற உப்பு அளவு) மட்டும் பார்த்துட்டு முடிவு பண்ணிர்றாங்க, அது பத்தாதுங்க. நொய்யல் ஓரமெல்லாம் வருசக்கணக்கா சாயத்தண்ணி ஓடி, ஒரத்துப்பாளையம் அணையிலயே தேங்கி, சுத்துவட்டார கெணறுக உப்புத்தண்ணி ஆயிப்போச்சு, அதனால உங்க போர்ல உப்பு இருந்தா அது இந்தப் பட்டறையால வந்ததா வெளியில இருந்து வந்ததான்னு தெரியாது. பக்கத்துத் தோட்டத்துலயும் ஒரு சாம்பிள் எடுத்து ஒப்பிட்டாத்தான் தெரியும். மண்ணை தொட்டி இருந்த எடம், ஸ்லட்ஜ் காயவெச்ச எடம், பாய்லர் ஆயில் வெச்ச மூலைன்னு தேடி எடுக்கணும், மேல் மண்ணு மட்டும் போதாது, ஆழத்துலயும் வேணும். பிஎச், உப்பு, குரோமியம், காப்பர், ஜிங்க், ஆயில் இத்தனையும் பார்க்கச் சொல்லுங்க.

பழைய இபி பாக்கியையும் விசாரிச்சிருங்க, அது வாங்குறவர் தலையில விழும்.

அக்ரிமெண்ட்ல ரிப்போர்ட் சரியா வந்தாத்தான் கிரயம், இல்லைன்னா அட்வான்ஸ் வாபஸ், ஸ்லட்ஜ் இருந்தா விக்கிறவர் செலவுல எடுக்கணும்னு வக்கீலை எழுதச் சொல்லுங்க. சாம்பிளை என்ஏபிஎல் (லேப்களுக்கு தரச்சான்று குடுக்குற அமைப்பு) அங்கீகாரம் இருக்குற லேப் ஆளே நேர்ல வந்து எடுக்கட்டும், விக்கிறவர் பாட்டில்ல புடிச்சுத் தர்றதை வாங்காதீங்க.