வாசகர் கேள்வி: நாலு டொலர்க் கூலியும் ஓர் ஓடையும்

கேள்வி: கலிபோர்னியாவில் வசிக்கும் என் மகன், பாலைநிலத்துச் சாலையோரத்தில் கூரையின்றி நிற்கும் சில கற்றூண்களைப் படம்பிடித்து அனுப்பி, நூறாண்டுகளுக்கு முன்னர் அங்கே ஒரு 'கூட்டுறவுக் குடியேற்றம்' இருந்ததாக எழுதியிருக்கிறான். அங்கே ஒரு தொழிலாளி எவ்வாறு வாழ்ந்தான்? எங்கள் ஐக்கிய சங்கங்களைப் போன்றதுதானா அது?

வாசகர் ஒருவர், சுன்னாகம்

பதில்: அவை லானோ டெல் ரியோ குடியேற்றத்தின் விடுதித் தூண்களாகவே இருக்க வேண்டும். 1911ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகர மேயர் தேர்தலில் தோற்ற சோசலிச வழக்கறிஞர் ஜோப் ஹரிமன், வாக்குச்சீட்டினால் ஆகாததைக் கூட்டு உழைப்பினால் செய்து காட்டலாம் என்று கருதி, 1914 மே முதலாம் திகதி அதனைத் தொடக்கினார்.

அங்கே சேர விரும்பிய தொழிலாளி தலா ஒரு டொலர் பெறுமதியான 2000 பங்குகளுக்கு உடன்பட வேண்டும். ஒரு பகுதியைக் கைக்காசாகக் கட்டிவிட்டு, மிகுதியை உழைத்துத் தீர்க்கலாம். பால் பண்ணையிலோ, சுண்ணாம்புச் சூளையிலோ, அச்சகத்திலோ எங்கே நின்றாலும் எல்லோருக்கும் நாட்கூலி நான்கு டொலர்தான். அதில் ஒரு டொலர் பங்குக் கணக்குக்குப் போகும். உண்ட உணவுக்கும் எடுத்த பொருளுக்கும் கழித்தபின் எஞ்சியது அவன் பெயரில் கணக்கேட்டில் வரவு வைக்கப்படும். குடியேற்றம் இலாபம் காணும் நாளில்தான் அது கைக்கு வரும். அந்த நாள் வரவேயில்லை. கூடாரத்திலோ மண்கல் வீட்டிலோ படுத்தெழுந்து, பகலெல்லாம் வாய்க்கால் வெட்டி, இரவில் பொதுக்கூட்டத்தில் நெடுநேரம் வாதாடியவனுக்கு, ஏட்டில் ஏறிக்கொண்டே போன அந்த எண்களைப் பார்க்க எப்படி இருந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

வெள்ளையர் அல்லாதோருக்கு அங்கே இடமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பொதுக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்று சண்டையிட்ட நாம் இதைக் கேட்டு வியப்படைய நியாயமில்லை.

குடியேற்றத்தை வீழ்த்தியது பெரும்பாலும் தண்ணீர்தான். மலையிலிருந்து வரும் ஓர் ஓடையை நம்பியே குதிரைமசால் வயல்களும் பழத்தோட்டங்களும் போடப்பட்டன. 1917இல் ஏறக்குறைய ஆயிரம் பேர் கூடியபோது அந்த நீர் போதவில்லை, அயல் விவசாயிகளுடன் வழக்கும் வந்தது. பங்குக் கிணற்றில் முறைவைத்து இறைக்கும் தோட்டக்காரருக்கு, ஒரு முறை தவறினால் பயிர் என்னவாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அவ்வாண்டின் இறுதியில் ஒரு பகுதியினர் லூசியானாவில் கைவிடப்பட்ட மரஆலை ஊரொன்றுக்குப் பெயர்ந்து, 1930களின் பிற்பகுதி வரை தாக்குப்பிடித்தனர்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருவோம். யாழ்ப்பாணத்து எங்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அப்படிப்பட்டவையல்ல. நாணய சங்கம் கடன் கொடுத்தது, புகையிலைச் சங்கம் விற்றுக் கொடுத்தது, மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலைகூட எழுந்தது. ஆனால் அங்கத்தவர் கூட்டம் முடிந்ததும் தம் கிடுகு வேலிக்குள் போய்ப் படலையைச் சாத்திக்கொண்டார். சங்கம் நொடித்தால் அவருக்குப் பங்குப்பணம் நட்டம், அவ்வளவுதான். வளவும் கிணறும் அவருடையவை. லானோவில் சங்கமே வீடு, சங்கமே கடை, சங்கமே முதலாளி. அது நொடித்தபோது தொழிலாளிக்குத் திரும்பிப் போக ஒரு படலை இருக்கவில்லை.

மகன் மறுபடி அவ்வழியே போனால் தூண்களைக் கிட்ட நின்று படமெடுக்கச் சொல்லுங்கள். உருண்ட ஓடைக்கற்களை ஒவ்வொன்றாக அடுக்கிக் கட்டிய வேலை அது.