‘ஸ்ஸ்’ இரைச்சல்: மைக்கை மாற்றுவதா, இன்டர்ஃபேஸையா?

கேள்வி: ஸ்பீக்கரைச் சீராக்க விலை குறைந்த அளவீட்டு மைக் ஒன்று வாங்கினேன். அதிலேயே இரவில் தூரத்து ஆந்தைக் குரலைப் பதிவு செய்தால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல்தான் முன்னால் நிற்கிறது. ஃபிரிட்ஜ் சத்தத்தையும் அளக்க ஆசை. மைக்கையா, அதைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸையா, எதை மாற்றலாம்?

பதில்: முதலில் ஒரு காசில்லாத சோதனை. கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) தொடாமல், கேபிள் வழியே இன்டர்ஃபேஸ் மைக்குக்குத் தரும் 48 வோல்ட் மின்சாரமான பேண்டம் பவரை மட்டும் அணைத்து, சில வினாடி கழித்துக் கேளுங்கள். ‘ஸ்ஸ்’ நன்றாகக் குறைந்தால் இன்டர்ஃபேஸ் மேல் குற்றமில்லை. மைக்தான் காரணம் என்பது என் ஊகம். இந்த வகை மைக்குகளில் டயஃப்ரம் (ஒலி பட்டு அதிரும் மெல்லிய சவ்வு) பெரும்பாலும் கால் அங்குலம்தான். உச்ச ஸ்தாயி ஒலியை எந்தப் பக்கத்திலிருந்தும் சீராக வாங்குவதற்காக அவ்வளவு சிறிதாகச் செய்கிறார்கள். அதனாலேயே சொந்த இரைச்சலும் கூடிவிடுகிறது.

புதிது வாங்கினால் விவரத்தாளில் ‘செல்ஃப் நாய்ஸ்’ (சொந்த இரைச்சல்) வரியைத் தேடுங்கள். பாடகர்களுக்கான ஸ்டூடியோ மைக்குகளில் ரோட் என்டி1-இல் அது 4 டெசிபல் (‘ஏ’ என்றால் காது கேட்கும் விதத்துக்கு ஏற்பத் திருத்திய அளவு), நியூமன் டிஎல்எம் 103-இல் 7. ஆந்தைக்கு 10-க்குக் கீழே இருந்தால் நல்லது. சிலர் இந்த எண்ணை விட்டுவிட்டு சிக்னல்-நாய்ஸ் விகிதம் (94 டெசிபல் ஒலி இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்பது) மட்டும் போடுவார்கள். சரி, அதை 94-இலிருந்து கழியுங்கள். 80 என்றால் இரைச்சல் 14. ‘டைனமிக் ரேஞ்ச் 120’ என்று கொட்டை எழுத்தில் இருந்தால் மயங்காதீர்கள். எவ்வளவு உரத்த சத்தத்தைத் தாங்கும் என்பதையும் சேர்த்த கணக்கு அது. அப்புறம் சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரே ஒலிக்கு மைக் எவ்வளவு மின்னழுத்தம் தருகிறது என்பது: ஒலி அழுத்தத்தின் அலகான பாஸ்கலுக்கு 20 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் சாதாரண இன்டர்ஃபேஸே போதும்.

ஃபிரிட்ஜ் கதை வேறு. பாடகர்களுக்கான மைக் ஒரு பக்கத்தை மட்டும் கேட்கும், காலிபரேஷனும் (அளவு சரிபார்ப்பும்) இருக்காது; அளவீட்டுக்கு ஆகாது. பெரிய ஆய்வகங்களுக்கென்று ப்ரூயல் அண்ட் கெயர் நிறுவனத்தின் 4179 என்ற அளவீட்டு மைக் இருக்கிறது, அதன் இரைச்சல் 0 டெசிபலுக்கும் கீழே. வீட்டு ஃபிரிட்ஜுக்கு அதை வாங்குவது வீண்செலவு. இருக்கிற மைக்கையே நெருக்கமாக வையுங்கள். மைக்கின் இரைச்சல் ஃபிரிட்ஜ் சத்தத்தைவிட 10 டெசிபல் கீழே இருந்தால் பிழை அரை டெசிபலுக்குள் அடங்கும். இரண்டும் சமமானால் 3 டெசிபல் கூட்டிக் காட்டும்.

புது மைக் கைக்கு வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், துணி நிறைந்த பீரோவுக்குள் வைத்து இரவில் ஒரு நிமிடம் பதிவு செய்து பாருங்கள். சீரான ‘ஸ்ஸ்’ என்றால் அது இயல்பு. படபடவென்று வெடித்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள்.