மொந்தெரிஜ்ஜோனி முதல் சியேனா வரை: ஒரு நாள் நடை பற்றிக் கேட்டவையும் பதில்களும்

கேள்வி: அக்கா, இங்கிலாந்தின் கான்டர்பரியிலிருந்து இத்தாலியின் ரோம் வரை போகும் வியா ஃப்ராஞ்சீஜெனா என்ற யாத்திரைப் பாதையில் நீங்கள் நடந்திருப்பதாகச் சொன்னீர்கள். எனக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். எந்தப் பகுதியில் நடக்கலாம்?

யோசிக்கவே வேண்டாம், இத்தாலியின் தொஸ்கானா பகுதியில் மொந்தெரிஜ்ஜோனியில் கிளம்பி சியேனா நகரம் வரை நடங்கள். சுமார் 20 கிலோமீட்டர். மொந்தெரிஜ்ஜோனி, ஃப்ளோரன்ஸ்காரர்களைத் தடுக்க 13ஆம் நூற்றாண்டில் சியேனா கட்டிய காவல் ஊர். குன்றின் மேல் வட்டமாக ஒரு மதில், அதில் 14 கோபுரங்கள், உள்ளே ஒரு சதுக்கமும் சில வீடுகளும், அவ்வளவுதான். மதிலை விட்டு இறங்கியதும் வெள்ளைச் சரளை மண் பாதை, அதன் பிறகு ஓக் காடு. நடுவில் கியோச்சோலா என்ற பழைய கோட்டை வீட்டைத் தாண்டுவீர்கள். அப்புறம் பியான் தெல் லாகோ என்ற பெரிய சமவெளி. ஒரு காலத்தில் சதுப்பு ஏரியாகக் கிடந்த இடம். 18ஆம் நூற்றாண்டில் சுரங்கக் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். இன்று அது விளைநிலம்.

கடைசியில் கமொல்லியா வாசல் வழியாக சியேனாவுக்குள் நுழைவீர்கள். வாசல் வளைவுக்கு மேல் லத்தீனில் ஒரு வரி செதுக்கியிருக்கிறது: இந்த வாசலைவிட அகலமாகத் தன் இதயத்தை சியேனா உனக்குத் திறக்கிறது. நாள் முழுக்க நடந்துவிட்டு அதற்குக் கீழே நுழைவது வேறு அனுபவம், பேருந்தில் வந்து இறங்குபவருக்கு அது கிடைக்காது. அங்கேயே நின்றுவிடாமல் பேராலயம் வரை போங்கள். எதிரே இருக்கும் சாந்தா மரியா தெல்லா ஸ்காலா இன்று அருங்காட்சியகம். பல நூற்றாண்டுகள் யாத்திரிகர்களுக்குப் படுக்கையும் சாப்பாடும் மருத்துவமும் தந்த இடம் அது.

கேள்வி: இந்தப் பாதை உண்மையிலேயே பழையதா, சுற்றுலாவுக்காக உருவாக்கியதா?

பழையதுதான். கான்டர்பரியின் பேராயர் சிகெரிக் 990ஆம் ஆண்டில் ரோமிலிருந்து ஊர் திரும்பினார். அப்போது தங்கிய 79 இடங்களின் பட்டியல் இன்றும் இருக்கிறது. பாதையை மீட்டெடுக்க அதுதான் ஆதாரம். ஐரோப்பிய கவுன்சில் 1994இல் இதைப் பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது. ஆனால் பழைய தடத்தில் பல இடங்களில் இப்போது நெடுஞ்சாலை ஓடுகிறது. அதனால் இன்றைய நடைபாதை அங்கெல்லாம் வயல், காடு என்று விலகிப் போகும்.

கேள்வி: எனக்கு 58 வயது, தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். 20 கிலோமீட்டர் முடியுமா?

முடியும் ஐயா. ஆனால் தட்டையான பூங்காவில் நடக்கும் ஒரு மணி நேரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பையோடு, ஏற்ற இறக்கத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர் வந்தாலே நல்ல வேகம். ஓய்வையும் சேர்த்து ஆறேழு மணி நேரம் ஒதுக்குங்கள். கிளம்புவதற்கு முன் சில வாரங்கள், நீங்கள் போடப்போகும் அதே காலணியோடு, அதே பையோடு நீண்ட நடை நடந்து பாருங்கள். புதுக் காலணி மட்டும் வேண்டவே வேண்டாம். இதே பாதையில் சான் குவீரிகோவிலிருந்து ராதிகோஃபானி போகும் பகுதியின் படங்களைப் பார்த்து மயங்கியிருப்பீர்கள். அது 30 கிலோமீட்டருக்கு மேல், கால் ஓயும் நேரத்தில்தான் பெரிய ஏற்றமே வரும். முதல் நடைக்கு அது வேண்டாம்.

கேள்வி: ஊர் ஊராகத்தானே பாதை போகிறது? தண்ணீர் வழியில் கிடைக்காதா?

இந்த நினைப்பில்தான் நிறையப் பேர் சிரமப்படுகிறார்கள். தொஸ்கானாவில் பழைய ஊர்கள் குன்றின் மேல் இருக்கும், பாதையோ பெரும்பாலும் கீழே வயல்களுக்கு நடுவே போகும். கண்ணுக்கு ஊர் தெரியும், ஆனால் கடை என்று ஒன்று கைக்கெட்டாது. சான் மினியாத்தோவிலிருந்து கம்பாஸ்ஸி போகும் 24 கிலோமீட்டரில் கடையை நம்பி இறங்கினால் தவித்துப் போவீர்கள். நிழலும் அங்கே குறைவு. இரண்டு லிட்டர் தண்ணீரோடு கிளம்புங்கள், கோடையில் அதற்கும் மேல்.

பழைய நடைக்காரர்கள் சொல்லித்தரும் ஒரு வழி: ஊருக்கு வெளியே சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நின்றால் அது பெரும்பாலும் கல்லறைத் தோட்டம். பூக்களுக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும். எந்தக் குழாயிலும் 'நோன் பொதாபிலே' (குடிக்க உகந்ததல்ல) என்று பலகை இருந்தால் குடிக்காதீர்கள், தொப்பியை நனைத்துக்கொள்ள மட்டும் அது உதவும்.

கேள்வி: அக்கா, நாங்கள் சுத்த சைவம். என்ன சாப்பிடுவது?

தொஸ்கானா சைவர்களுக்கு நல்ல இடம்தான். பீச்சி என்று தடிமனான நூடுல்ஸ் போல ஒன்று. சியேனா பக்கத்துச் சாப்பாடு, வழக்கமாக மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துக் கையால் உருட்டுவார்கள். பூண்டும் தக்காளியும் சேர்ந்த அல்யோனே குழம்போடு கேளுங்கள். ரிபொல்லீத்தா பழைய ரொட்டியும் பீன்ஸும் கீரையும் போட்ட கெட்டி சூப். இறைச்சி சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பார்மிஜானோ சீஸில் பாலை உறையவைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்க்கிறார்கள், கண்டிப்பான சைவம் என்றால் 'சென்சா ஃபொர்மாஜ்ஜோ' (சீஸ் வேண்டாம்) என்று சொல்லிவிடுங்கள். உள்ளூர் ரொட்டியில் உப்பே இருக்காது. ஊறுகாய் பாட்டில் ஒன்று பையில் இருந்தால் நல்லது.

மதிய உணவைக் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஊர்களில் கடைகள் மதியம் ஒரு மணி வாக்கில் மூடினால் நான்கு மணி ஆகிவிடும் திறக்க.

கேள்வி: அக்டோபரில் போகலாமா?

போகலாம், வெயில் தணிந்திருக்கும். இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். மழை பெய்தால் சியேனாவுக்குத் தெற்கே உள்ள களிமண் காலணியில் அப்பிக்கொண்டு ஒரு அடி வைக்க விடாது. இன்னொன்று, செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு முதல் ஜனவரி முடிய வேட்டைக் காலம். செவ்வாய், வெள்ளியில் வேட்டைக்குத் தடை உண்டு, காட்டுப் பகுதிக்கு அந்த நாட்களே நல்லது. மற்ற நாட்களில் ஆரஞ்சு போல பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள், பாதையை விட்டு விலகாதீர்கள். ஜூலை, ஆகஸ்ட் வெயிலைத் தவிர்த்துவிடுங்கள். மே மாதம்தான் என் விருப்பம்.

கேள்வி: தனியாகப் போகும் பெண்ணுக்குப் பாதுகாப்பா?

நான் தனியாக நடந்திருக்கிறேன், மனிதர்களால் தொல்லை வந்ததில்லை. கவனிக்க வேண்டியது நாய்களை. ஆட்டு மந்தையோடு வெள்ளையாக, பெரிதாக மரெம்மா என்ற காவல் நாய்கள் இருக்கும். மந்தைக்குள் நுழையாமல் சுற்றிப் போங்கள், ஓடாதீர்கள், கத்தாதீர்கள். வழிகாட்ட மரத்திலும் கல்லிலும் சிவப்பு வெள்ளைப் பட்டை தீட்டியிருப்பார்கள். வெகுநேரமாகப் பட்டை கண்ணில் படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த இடத்துக்குத் திரும்புங்கள். அவசர எண் 112.

கேள்வி: ஒரு நாள் நடந்தால் சான்றிதழ் உண்டா?

கிடையாது. ரோமில் தரும் சான்றுக்குக் கடைசி 100 கிலோமீட்டராவது நடந்து போய்ச் சேர வேண்டும். யாத்திரிகர் அட்டை வாங்கி வழியில் முத்திரை குத்திக்கொள்ளலாம், பிறகு மீதியை நடக்க வந்தால் அதையே தொடரலாம்.

கேள்வி: பெரிய பெட்டியை எங்கே வைப்பது? மொந்தெரிஜ்ஜோனிக்கு எப்படிப் போவது?

முந்தின இரவே சியேனாவில் அறை எடுத்துவிடுங்கள். பெட்டி அங்கேயே இருக்கட்டும். காலைப் பேருந்தில் மொந்தெரிஜ்ஜோனி போய் இறங்கி, உங்கள் அறையை நோக்கியே நடந்து வரலாம். பேருந்து நிறுத்தம் குன்றின் அடியில் இருக்கும், ஊருக்குள் போக ஒரு செங்குத்தான ஏற்றம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பேருந்துகள் குறைவு. அட்டவணையைப் பார்த்த பிறகே எந்த நாள் என்று முடிவு செய்யுங்கள்.